பெரட்டும் பாடமும்: இயங்கலைக் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தல்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு சுங்கை செம்பிலாங்கில் நடைபெறுவது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. மலாய் மொழியில் செம்பிலாங் என்பது கழிமுகச் சேற்றில் வாழும் கெளுத்தி இன மீனின் பெயர். ஒருபுறம் மீனவர் படகுகள், மறுபுறம் செம்பனை மரங்கள் என அமைந்த இக்கடற்கரையிலிருந்து ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் எனச் சபாக் பெர்ணம் வரை விரியும் வடசிலாங்கூர், தமிழர் உழைப்பை உண்டு வளர்ந்த நிலமாகும். இந்நாட்டில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டில். அது நடந்த இடம், பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் முன்னோர் அறிந்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டம். அன்று அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களின், குலை அறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று திறன்பேசியைக் கையில் ஏந்திப் பட்டயமும் பட்டமும் படிக்கின்றனர். அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களை எவ்வாறு பயிற்றுவிப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

தோட்டத்தில் வாழ்ந்தோர்க்குப் பெரட்டு என்ற சொல்லை விளக்க வேண்டுவதில்லை, இளையோர்க்காகச் சொல்கிறோம். விடியலுக்கு முன் தொழிலாளர்கள் வரிசையில் நிற்க, கிராணியோ கங்காணியோ பெயரழைத்து அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதே பெரட்டு. பெரட்டுக்கு நின்றவர் எல்லாரும் பால் கொண்டுவந்துவிட்டார் என்று எந்தக் கங்காணியும் கணக்கெழுதியதில்லை. மரத்துக்கு மரம் நடந்து, வெட்டி, சேர்த்து, வாளி நிறைந்து, நிறுத்துப் பார்த்த பின்னரே கணக்கு. இயங்கலை வகுப்பிலோ திரையில் நாற்பது பெயர்கள் தோன்றினால் நாற்பது பேர் கற்றனர் என்று எழுதிவிடுகிறோம். பெரட்டையே வேலையாகக் கொள்ளும் இக்கணக்கிலிருந்துதான் நம் இடர்ப்பாடு தொடங்குகிறது.

தொலைவு நமக்குப் புதிதன்று

தொலைவிலிருந்து கற்பது 2020ஆம் ஆண்டில் தோன்றிய புதுமை என்று மாணவர் பலர் எண்ணக்கூடும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வளாகத்திற்கு வெளியே இருந்து பயிலும் திட்டத்தை 1971ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1972 ஜூன் 19இல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006ஆம் ஆண்டில் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன. வாவாசானின் முதல் துணைவேந்தர் நம் நாட்டவரான கஜராஜ் தனராஜன். அதற்கு முன்னர் அவர், வான்கூவரை மையமாகக் கொண்டு இயங்கிய காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவராக விளங்கினார். உலகத் தொலைக்கல்வியின் முன்னணியில் இந்நாட்டவர் ஒருவர் நின்றார் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதற்கோர் இணையுண்டு. 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றியவர் பொறியியல் அறிஞரும் கவிஞருமான வா. செ. குழந்தைசாமி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை வழிநடத்தியவரும் அவரே. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்குகிறது. பெயரிலேயே இணையத்தைத் தாங்கிய அந்நிறுவனமும், உலகின் பல நாடுகளில் தொடர்பு மையங்களை அமைத்துக்கொண்டது. வலைவழியே பாடம் சென்றாலும், மாணவன் அருகில் ஒரு மனிதர் இருத்தல் வேண்டும் என்னும் தெளிவு அதில் உள்ளது.

இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைவைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொண்டன. பாடநூலை மாணவன் தானே பயிலத்தக்க முறையில் எழுதின. இடுபணிகளைத் திருத்தும் பயிற்றுநர்களுக்கு, மதிப்பெண் இடுவதோடு அமையாமல் கருத்துரை எழுதவும் கற்பித்தன. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நிகழ்ந்தது முற்றிலும் வேறு. அவ்வாண்டு இறுதி வரையில் உயர்கல்விக்கூடங்களின் கற்பித்தல் இயங்கலையிலேயே நடைபெறும் என மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. வகுப்பறையில் பல்லாண்டு பழகிய விரிவுரைஞர்கள் ஒரே வாரத்தில் திரைக்கு முன் அமர்ந்தனர். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதே அவர்களுக்குக் கிட்டிய பயிற்சி. அமெரிக்கக் கல்வியாளர் சிலர் அக்காலத்திலேயே இதனை நெருக்கடிநேரத் தொலைக்கற்பித்தல் என்று பெயரிட்டு, திட்டமிட்ட இயங்கலைக் கல்வியோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது என்று எழுதினர். நெருக்கடி நீங்கிவிட்டது. நெருக்கடியில் கைக்கொண்ட பழக்கங்கள் மட்டும் பல கல்லூரிகளில் நிலைத்துவிட்டன.

ஈடுபாடு என்பது யாது?

மாணவரை ஈடுபாட்டோடு வைத்திருத்தல் என்று சொல்கிறோம். அச்சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் தெளிவாக இருந்தால்தான் பயிற்சியும் தெளிவாக அமையும். 2004ஆம் ஆண்டில் ஃபிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் என்னும் ஆய்வாளர் மூவர் வெளியிட்ட கட்டுரை, ஈடுபாட்டை மூன்றாகப் பகுத்தது. வருதலும் இட்ட பணியைச் செய்தலும் செயல் ஈடுபாடு. இவ்வகுப்பு என்னுடையது, இங்கு நான் வேண்டப்படுபவன் என்று உணர்தல் உணர்வு ஈடுபாடு. கடினமானதைக் கண்டும் விலகாது முயன்று சிந்தித்தல் அறிவு ஈடுபாடு. பெரட்டில் பதிவாவது முதலாவதன் ஒரு சிறு கூறு மட்டுமே.

இம்மூன்றையும் பிரித்தறியாத ஆசிரியர், ஒளிப்படக் கருவியைத் திறந்து வையுங்கள் என்று கட்டளையிடுவதே ஈடுபாட்டை வளர்க்கும் வழி என எண்ணுகிறார். தோட்டத்து வீட்டில் ஒரே கூடத்தில் தம்பி தங்கையர் விளையாட, தாய் சமைக்க, தந்தை இரவு வேலை முடித்து உறங்க, ஒரு மூலையில் அமர்ந்து பாடம் கேட்கும் மாணவிக்கு அக்கட்டளை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் கருவியை மூடி வைப்பது அவமதிப்பாகாது. வீட்டின் மானத்தைக் காப்பதாகும். இணைய அலை கிட்டாமல் மரத்தின்மேல் இரவைக் கழித்துத் தேர்வெழுதிய சபா மாணவியின் செய்தியை நாடே 2020இல் பேசியது. செய்தியாகாத சிறு இடர்கள் நம் பகுதியில் பல உள. ஒரு திறன்பேசியை மூவர் பகிர்தல், மாத நடுவில் தரவு தீர்தல், தொழிற்சாலையில் வேலைமுறை மாறுதல் ஆகியவை அவற்றுள் சில. முகம் தெரியாவிட்டாலும் சிந்தனை தெரியும்படி வகுப்பை அமைக்க வழியுண்டு. அவ்வழியைக் கற்பிப்பதே பயிற்சி.

நன்னூல் காட்டும் அளவை

இவ்விடத்தில் நம் இலக்கண மரபை நினைவுகூர்தல் பொருந்தும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் ஆசிரியரையும் மாணாக்கரையும் பற்றியே பேசுகிறது. ஆசிரியர் ஆகாதாருக்கு அது நான்கு உவமைகள் தருகிறது. அவற்றை இன்றைய திரைவகுப்பில் வைத்துப் பார்த்தால் நான்கும் நாள்தோறும் காணும் முகங்களாக இருக்கின்றன.

முதலாவது கழற்குடம். கழற்காய்களை எம்முறையில் இட்டாலும், கவிழ்த்தால் முறைபிறழ்ந்து ஒருசேரக் கொட்டும். பருவத் தொடக்கத்தன்றே பதினான்கு வாரக் கோப்புகளையும் ஒரே நாளில் பதிவேற்றிவிட்டு, படித்துக்கொள்ளுங்கள் என்பவர் இவர். இரண்டாவது மடற்பனை. ஏறிப் பறிக்க முயல்வார்க்கு இடங்கொடாமல், தானே உதிர்த்தால் மட்டும் கனி தரும். வினா எழுப்பிய மாணவனுக்கு மூன்று வாரம் விடை எழுதாதவர் இவர். மூன்றாவது பருத்திக்குண்டிகை. அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. அரிதின் முயன்று கற்ற பெரும்புலமையிருந்தும், அதனை மாணவன் கைக்கொள்ளுமாறு சிறிது சிறிதாகப் பிரித்துத் தர இயலாதவர் இவர். நான்காவது முடத்தெங்கு. நீர் வார்த்தவன் தோட்டத்தில் வேர்கொண்டு, அயலான் தோட்டத்தில் காய் உதிர்க்கும். வகுப்பில் துடிப்பாக விடையளிக்கும் ஐவரோடு மட்டும் உரையாடி மகிழ்ந்து, பேசாத முப்பத்தைவரை மறந்துவிடுபவரை இதற்கு ஒப்பிடலாம். இந்நால்வருள் எவரும் தீயவர் அல்லர். கற்பித்தல் முறை கற்பிக்கப்படாதவர் என்றே அவர்களைக் கொள்ளல் வேண்டும்.

நன்னூல் குறையை மட்டும் கூறி அமையவில்லை. காலமும் இடமும் நோக்கி, கொள்வோன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு பாடம் சொல்ல வேண்டும் என்கிறது. இதனினும் வியப்பானது அது தரும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டவனுக்கும் புலமையில் காற்பங்கே கைகூடும். உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு கைகூடும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு விளக்கி உரைக்கும்போதே நிறைவுறும். தொலைக்கல்வி அறிஞர் மைக்கேல் மூர் 1989ஆம் ஆண்டில் மூவகை ஊடாட்டத்தை வரையறுத்தார். மாணவன் பாடப்பொருளோடு, மாணவன் ஆசிரியரோடு, மாணவன் மாணவனோடு என்பன அவை. அவர் வகைகளைப் பிரித்தார். பவணந்தியார் ஒவ்வொன்றும் எவ்வளவு தரும் என்றே அளந்து வைத்தார்.

இக்கணக்கை ஏற்றுக்கொண்டால் நம் இயங்கலை வகுப்புகளின் நிலை விளங்கும். இரண்டு மணி நேர வகுப்பில் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆசிரியரே பேசினால், ஏறக்குறைய வகுப்பு முழுவதும் அந்த முதற் காற்பங்கிற்கே செலவாகிறது. வளாகத்தில் பயிலும் மாணவன் எஞ்சிய முக்காலை உணவகத்திலும் நூலகத்திலும் விடுதி அறையிலும் தானாகவே பெற்றுக்கொள்வான். திரையின் முன் தனித்திருப்பவனுக்கு அவ்வாய்ப்பில்லை. அதனை உண்டாக்கித் தருவது ஆசிரியரின் கடமையாகிறது. இயங்கலை ஆசிரியருக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேறில்லை.

பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்?

முதற்கண், ஆசிரியர் மாணவராக வேண்டும். இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கில்லி சால்மன், 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இயங்கலைக் கற்றலை ஐந்து படிகளாக வகுத்தார். உள்நுழைந்து ஊக்கம் பெறுதல், ஒருவரோடொருவர் பழகுதல், தகவல் பரிமாறுதல், சேர்ந்து அறிவைக் கட்டமைத்தல், தாமே மேலும் வளர்தல் என்பன அவை. ஆசிரியர்களையும் அவ்வைந்து படிகளின் வழியே, இயங்கலையிலேயே, மாணவராக நடத்திப் பயிற்றுவித்தமை அவர் முறையின் சிறப்பு. நாமும் அவ்வாறு செய்யலாம். பயிற்சியின் முதல் வாரத்தில் மடிக்கணினியை ஒதுக்கி வைத்து, திறன்பேசியும் அளவான தரவும் மட்டும் கொண்டு பாடம் கேட்குமாறு விரிவுரைஞர்களைப் பணித்தல் நன்று. எழுத்து நுணுகிய படவில்லைகளைச் சிறு திரையில் ஒருமுறை தாமே படிக்க முயன்றவர், அத்தகைய வில்லையை மீண்டும் அமைக்க மாட்டார்.

இரண்டாவதாக, முதல் இரு வாரங்களைக் காக்கக் கற்பிக்க வேண்டும். மாணவன் பெரும்பாலும் விடைபெற்றுச் செல்வதில்லை, ஓசையின்றி நழுவுகிறான். முதலில் ஓர் இடுபணி தவறும். பின் வெட்கம் வரும். வெட்கத்தால் அடுத்த வகுப்பும் தவறும். கற்றல் மேலாண்மைத் தளங்கள், யார் எந்நாளில் கடைசியாக உள்நுழைந்தார் என்பதைக் காட்டுகின்றன. அப்பட்டியலை வாரந்தோறும் படித்து, வராதவரைத் தேடிச் செல்லும் பழக்கத்தைப் பயிற்சியில் உண்டாக்க வேண்டும். தேடும் மொழியையும் கற்பிக்க வேண்டும். ‘மூன்று வகுப்புகளுக்கு வரவில்லை, விளக்கம் தருக’ என்று எழுதினால் அது அலுவலகக் கடிதம். ‘சென்ற வாரம் உங்கள் குழு உங்களை எதிர்பார்த்தது. எந்த இடத்தில் தடை ஏற்பட்டது? அங்கிருந்தே தொடங்கலாம்’ என்று எழுதினால் அது திறந்து வைத்த கதவு. இரண்டுக்கும் செலவாகும் நேரம் ஒன்றே.

மூன்றாவதாக, வினா எழுப்பவும் காத்திருக்கவும் பயிற்றுவித்தல் வேண்டும். ஆசிரியர்கள் வினா கேட்டபின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என்றும், மூன்று நொடி காத்திருந்தால் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவரும் பேசுகின்றனர் என்றும் மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் கண்டறிந்தார். இயங்கலையில் ஒலி சென்று சேரவும், மாணவன் ஒலிவாங்கியைத் திறக்கவும், விடையைத் தட்டச்சிடவும் இன்னும் கூடுதலான நேரம் வேண்டும். திரையின் மௌனம் ஆசிரியருக்கு அச்சமூட்டுகிறது. அதனால் அவரே விடையையும் சொல்லிவிடுகிறார். சிலமுறை இவ்வாறு நடந்தால், இவ்வகுப்பில் விடையளிக்கத் தேவையில்லை என்பதை மாணவர் கற்றுக்கொள்கின்றனர். பால் வெட்டுவோர் அறிந்த நுட்பம் இங்குப் பொருந்தும். பட்டையின் மேற்பரப்பைச் சீவினால் பால் சுரக்காது. மிக ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். ‘புரிந்ததா?’ என்பது மேற்பரப்பைச் சீவும் வினா. பெயர் சொல்லி அழைத்து எல்லார் முன்னும் திணறச் செய்வது மரத்தைப் புண்படுத்தும் வினா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆழத்தைக் கை அறிவதற்குப் பழக்கம் ஒன்றே வழி.

நான்காவதாக, பதிவுசெய்த பாடத்தின் அளவையும் பயனையும் உணர்த்த வேண்டும். எடெக்ஸ் தளத்தின் காணொலிகளை மாணவர் பார்த்த 69 இலட்சம் அமர்வுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. காணொலி எவ்வளவு நீண்டதாயினும், மாணவர் நடுநிலை அளவில் ஆறு நிமிடத்திற்கு மேல் பார்ப்பதில்லை என்பது அதன் முடிவு. எனவே, ஒரு மணி நேர விரிவுரையைப் பதிவேற்றுவதைவிட, ஆறு நிமிடப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் நினைவிலிருந்து விடையளிக்குமாறு ஒரு வினா வைப்பதே தக்கது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லுதல், மீண்டும் படித்தலைவிட வலியது என்பதை ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பழகியவரே முந்தினர்.

ஒரு பாடம், இரு வழி

இவை யாவும் பொதுவாகச் சொல்லப்பட்டவை. தமிழ்த்துறை ஆசிரியருக்குப் பயன்படுமாறு ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். வல்லினம் மிகும் இடங்களைப் பட்டயப் படிப்பு மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். வழக்கமான முறையில் விதிகள் முப்பது வில்லைகளில் வரிசையாக வரும், ஆசிரியர் படிப்பார், மாணவர் படமெடுத்து வைத்துக்கொள்வர்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் வேறு வழியில் செல்வார். நிலைமொழி, வருமொழி, அவற்றின் உறவு ஆகியவற்றை மட்டும் விளக்கும் ஆறு நிமிடக் காணொலியை முதலில் தருவார். பின்னர் ஓர் எளிய பணி: ‘உங்கள் ஊரில் தமிழ் எழுதிய மூன்று பலகைகளைப் படமெடுத்துப் புலனக் குழுவில் இடுங்கள்.’ ஜெராமிலிருந்து ஒரு கோயில் அறிவிப்பு வரும். புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு மளிகைக் கடையின் பெயர் வரும். வேறோர் ஊரிலிருந்து ‘தமிழ் பள்ளி’ என்று ஒற்றின்றி எழுதிய ஒரு பலகை வரும். நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, எங்கு ஒற்று மிக வேண்டும், எங்கு மிகக்கூடாது, ஏன் என்று விவாதிப்பர். ஒவ்வொருவரும் ஒரு பலகையைப் பற்றி ஒரு நிமிடக் குரற்பதிவில் விளக்குவார். நேரடி வகுப்பில் ஆசிரியர், கருத்து வேறுபட்ட இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வார். ‘தமிழ்ப்பள்ளி’ என்பதில் பகரம் ஏன் மிகுந்தது என்பதை, முன்னர் வாய்திறவாத மாணவி தன் ஊர்ப் பலகையைக் காட்டிச் சொல்லும்போது, நன்னூல் கூறிய அரைப்பங்கு அங்கே நிறைவுறுகிறது. இதற்குப் பெருஞ்செலவில்லை, விரைவான இணையம்கூடத் தேவையில்லை. படமும் குரற்பதிவும் குறைந்த தரவில், மாணவர்க்கு ஓய்வு கிட்டும் நேரத்தில் அனுப்பத்தக்கவை.

மொழி பற்றியும் ஒரு சொல். நம் பகுதி மாணவர் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய மொழியில் இடைநிலைக் கல்வி பெற்று, ஆங்கிலம் மிகுந்த உயர்கல்விக்குள் நுழைகின்றனர். அவர்களின் மௌனத்தை அறியாமை என்று கொள்வது தவறு. விடை தெரிந்தும் எம்மொழியில் எப்படிச் சொல்வது என்று தயங்கும் மௌனமாகவும் அது இருக்கலாம். எப்பாடமாயினும், குழு உரையாடலில் தாய்மொழியில் எண்ணிப் பேச இடமளித்து, முடிவைப் பாடமொழியில் எழுதச் சொல்வதால் தயக்கம் குறையும். தமிழ் பயில்வோர்க்கோ, 1999 முதல் வழக்கிலுள்ள தமிழ்99 விசைப்பலகையை முதல் வாரத்திலேயே பழக்கிவிடுதல் நலம். தமிழில் தட்டச்சிட இயலாத மாணவன், தமிழ் வகுப்பின் உரையாடலிலேயே ஊமையாகிவிடுகிறான்.

எதிர்வாதங்கள்

இங்கு எழத்தக்க மறுப்புகளை நாம் தவிர்க்கவில்லை. ‘கல்லூரி மாணவர் சிறுபிள்ளைகள் அல்லரே, கற்கும் பொறுப்பு அவர்களுடையதன்றோ?’ என்பது ஒன்று. பொறுப்பு அவர்களுடையதே. ஆயினும் தானே திட்டமிட்டுக் கற்கும் ஆற்றல் பிறவியில் வருவதன்று. அது பயின்று பெறுவது. யாரும் வந்து பயிலத்தக்க பெருந்திரள் இயங்கலைப் படிப்புகளில் சேர்வோருள் நிறைவு செய்வோர், பெரும்பாலான படிப்புகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவினரே. அவர்களுள் பலர் முன்னரே பட்டம் பெற்றவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவனிடம், கைபிடிக்க ஒருவருமின்றி அதனைவிட நன்றாகச் செய் என்பது நியாயமாகாது.

‘பகுதிநேர விரிவுரைஞருக்கு மணிக்கணக்கில் ஊதியம்; புலனத்தில் விடையளிக்கும் நேரத்திற்கு யார் ஊதியம் தருவார்?’ என்பது மற்றொன்று. இம்மறுப்பு முற்றிலும் நேர்மையானது. பயிற்சியைக் கொடுத்துவிட்டு, அதனைச் செயற்படுத்தும் நேரத்தைக் கொடாத நிறுவனம், ஆசிரியர் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறது. கருத்துரை எழுதும் நேரமும் வராத மாணவனைத் தேடும் நேரமும் பணிநேரமாகக் கணக்கிடப்பெற வேண்டும். ஒரு பயிற்றுநரிடம் ஒப்படைக்கும் மாணவர் தொகைக்கும் எல்லை வேண்டும். இவற்றை நிருவாகத்திடம் கேட்பது ஆசிரியரின் உரிமை.

மூன்றாவது மறுப்பை நாமே எழுப்புகிறோம். படிப்பைக் கைவிடும் மாணவர் எல்லாரையும் நல்ல கற்பித்தல் காத்துவிடாது. தந்தையின் நோயும் குடும்பத்தின் வறுமையும் ஈர்த்துச் செல்வோர் உளர். அவர்களுக்கு வேண்டியது பொருளுதவியும், ஒரு பருவம் நிறுத்தித் திரும்பி வரும் வாய்ப்பும் ஆகும். வறுமையால் சென்றவனையும் சலிப்பால் சென்றவனையும் ஆசிரியர் வேறு பிரித்தறிய வேண்டும். தேடிச் சென்று கேட்டாலன்றி அதனை அறிய இயலாது.

நம் முன் உள்ளது

இதில் நாம் இழக்கக்கூடியது யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1997ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். வழங்கும் கடனில்தான் நம் மாணவர் பலர் படிக்கின்றனர். பட்டம் முடித்தவன் கடனோடு பட்டத்தையும் பெறுகிறான். நடுவில் நழுவியவனிடம் எஞ்சுவது கடன் மட்டுமே. இழப்பு அவனோடு நின்றுவிடுவதில்லை. ‘அண்ணன் போய் என்ன கண்டான்?’ என்ற ஒரு சொல், எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு நிற்கும் தங்கையின் வழியையும் அடைத்துவிடுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் சிதறிய இக்காலத்தில், வீட்டைவிட்டு நீங்காமலே உயர்கல்வி பெற இயங்கலை ஓர் அரிய வழி. அவ்வழி பொய்த்துப்போனால், அதனை நம்பி வந்தவர்க்கு மறுவழி எளிதில் அமையாது.

ஆகவே, இம்மன்றத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். தமிழ் பயிற்றும் கல்லூரி ஆசிரியர்க்கென ஆறு வாரப் பயிற்சி ஒன்றை, மன்றமும் கல்விக்கூடங்களும் இணைந்து இயங்கலையிலேயே நடத்தலாம். ஒவ்வொரு வாரமும் ஆசிரியர் தாம் கற்றதைத் தம் வகுப்பில் ஒருமுறை செய்து பார்த்து, நடந்ததை உடன்பயில்வாரோடு பகிர்தல் வேண்டும். நன்னூற் கணக்கு ஆசிரியர்க்கும் பொருந்துமன்றோ? இரண்டாவதாக, சுங்கை செம்பிலாங் போன்ற ஊர்களில் தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறையையோ ஆலய மண்டபத்தையோ வாரம் ஒரு மாலை இயங்கலை மாணவர்க்குத் திறந்துவிடலாம். இணைய வசதியும், நான்கு மேசைகளும், படித்து முடித்த மூத்தவர் ஒருவரும் இருந்தால் அதுவே தொடர்பு மையமாகிவிடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஆசிரியர் மாறும்வரை காத்திருக்க வேண்டா. உடன்பயிலும் மூவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்ட பாடத்தை வாரம் ஒருமுறை ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். புரியாத இடத்தைப் புரியவில்லை என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். ஒருவன் எழுதும் அவ்வரி, எழுதத் தயங்கிய இருபது பேருக்கும் வழி திறக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த வகுப்பில் வருகைப் பட்டியலை மூடிய பின், அதனருகில் இன்னொரு பட்டியலை எழுதத் தொடங்குமாறு வேண்டுகிறோம். இன்று யார் யார் ஒன்றைத் தம் சொல்லில் விளக்கினர் என்பதே அப்பட்டியல். முதல் வாரத்தில் அதில் ஐந்து பெயர்களே இருக்கலாம். பருவம் முடிவதற்குள் அது நாற்பதாக வளருமாயின், நம் பணி நடந்தது என்று கொள்ளலாம்.